ஜோடி சேர்க்கும் மேசை

ஆம்பூரை ஒட்டிய ஒரு காலணித் தொழிற்சாலையில், தையல் வரிசையின் கடைசி மேசையில் அமர்ந்து பல ஆண்டுகள் சரிபார்ப்பு வேலை செய்தேன். காலணியின் மேல்பகுதியை மட்டும் தைத்து அனுப்பும் பிரிவு அது. வெட்டிய தோல் துண்டுகள் வரும். ஓரத்தை மடித்து ஒட்டுவார்கள், தைப்பார்கள், நூல் பிசிறுகளை நறுக்குவார்கள். பிறகு அவை என் மேசைக்கு வந்து சேரும். முன்னே நடந்த எல்லாக் குறைகளும் என்னிடம்தான் வந்து முடியும் என்பதால், வரிசை எப்படி நடக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது.

அந்த வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவள் என்னைவிட இளையவள். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து இருவரும் ஒரே கம்பெனிப் பேருந்தில் வருவோம். நான் மடியில் புத்தகத்தை விரித்திருப்பேன். அவள் ஏறுகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பாள்: யாருக்குத் தூக்கம் போதவில்லை, நேற்றுவரை சேர்ந்து உட்கார்ந்தவர்கள் இன்று ஏன் தள்ளி உட்காருகிறார்கள் என்று. இறங்கும்போது, அன்றைக்கு யாரை எந்த மிஷினில் அமர்த்துவது என்பது அவள் மனதில் தீர்ந்திருக்கும். ஆட்களை நடத்துவதற்கு உரத்த குரல் வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது மிஷின் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருந்தபோது மட்டும்தான்.

அவளிடம் இருந்த அந்தத் திறமை என்ன என்பது எனக்கு ஒரு வாரத்தில்தான் கொஞ்சம் புரிந்தது.

ஆலங்காயத்திலிருந்து வரும் ஒரு பெண் ஒட்டும் வேலையில் இருந்தார். சொல்யூஷன் என்று நாங்கள் சொல்லும் பசை அவர் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்குகளில் தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. இனி அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் தையல் மிஷின் தெரியாது. மகள் வேலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது இவருடையது ஒன்றே. எங்கள் மேலாளர் இரக்கமில்லாதவர் அல்லர். ஆனாலும் திங்கட்கிழமை காலை, வரிசைக்குப் பொறுப்பான அவளை அழைத்துச் சொல்லிவிட்டார்.

"இன்னாம்மா பண்றது? ஒட்டுறதுக்கு வேற ஆள் வந்தாச்சு. சும்மா ஒருத்தர வெச்சிக்க மேல ஒத்துக்க மாட்டாங்க. சனிக்கெழமக்குள்ள அவங்களுக்குன்னு ஒரு வேல காட்டு, வெச்சிக்கலாம். இல்லன்னா அனுப்பிடணும்."

அதே நாள்களில் என் மேசையில் வேறொரு தொல்லை முளைத்தது. தோல், ஒரே சாயத்தில் நனைந்தாலும், ஒன்றைப்போல் இன்னொன்று இராது. அதனால் ஒரு ஜோடியின் இடதும் வலதும் ஒரே தோலில் அடுத்தடுத்து வெட்டப்பட்டு, ஒரே கட்டாகக் கடைசிவரை வரும். ஆனால் சில வாரங்களுக்கு முன்புதான் அவள் வரிசையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தார் இடது மட்டும், மறுபக்கத்தார் வலது மட்டும் தைக்கும்படி மாற்றியிருந்தாள். ஒரே பக்கத்து வளைவைத் திரும்பத் திரும்பத் தைத்ததில் கைகள் பழகி, வேலை விரைந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். கட்டுகள் பிரிந்துபோனதை யாரும் யோசிக்கவில்லை. தோலின் உள்பக்கம் எழுதிய ஜோடி எண்ணும் மடித்து ஒட்டியதும் மறைந்துவிடும். டியூப்லைட்டின் கீழ் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தெரிந்தன. சரக்கு ஏற்றும் வாசலில் வெயில் பட்டபோதுதான், ஒரு கால் கருத்தும் மறுகால் வெளுத்தும் நின்றன. மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன.

ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தவள், "இது நான் பண்ணின வேலக்கா" என்றாள். தைப்பவர்களிடம் போய் அதையே சொன்னாள்.

"அப்ப பழையபடி மாறி ஒக்காரணுமா? இப்பதான் கை ஓடுது" என்றார் ஒருவர்.

"வேணாம். நீங்க இருக்கிற மாதிரியே இருங்க. கட்டு எங்க பிரியுதோ அங்கதான் பாக்கணும்."

அன்று சாப்பாட்டு வேளையில், திரும்பி வந்தவற்றை வெளியே வெயிலில் சாக்கு விரித்துப் பரப்பினாள். கை கழுவ வந்தவர்களை எல்லாம் ஜோடி சேர்க்கச் சொன்னாள். ஒரு விளையாட்டைப்போல எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆலங்காயத்துப் பெண்ணும் கட்டுப்போட்ட கையோடு குனிந்து தேடினார். இதுதான் அவருக்குக் கிடைக்கப்போகும் வேலை என்று நானும் ஆவலோடு நின்றேன். ஆனால் அவர் சேர்த்த ஜோடிகளில் பாதிக்குமேல் பொருந்தவில்லை. அது அவருக்கே தெரிந்தது. மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொண்டார்.

அப்போது பிசிறு நறுக்கும் மேசையில் வேலை செய்யும் மூத்த பெண்மணி ஒருவர் அந்த வழியாக வந்தார். "கண்ணு அவிஞ்சி போச்சாடி ஒங்களுக்கு? இதுக்கு இது புருஷன் இல்ல!" என்று கால் விரலாலேயே ஒன்றைத் தள்ளி, வேறொன்றைச் சேர்த்தார். பொருந்தியது. இன்னொன்று சேர்த்தார். அதுவும் பொருந்தியது.

ஜோடி சேர்க்கும் வேலைக்கு வர முடியுமா என்று அவள் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நான் எழுந்திருக்க மாட்டேன்மா. அந்த சன்னலு, அந்த ஃபேனு, பக்கத்துல என் தோஸ்த்து. இதெல்லாம் வுட்டுட்டு புது வேல எனக்கு பேஜாரு."

அவள் வற்புறுத்தவில்லை. மறுநாள் இரண்டு தோல் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் ஒவ்வொரு இடமாக நின்று பார்த்ததைக் கவனித்தேன். கடைசியில் அந்தச் சன்னலருகே வெகுநேரம் நின்றாள். அந்தக் கூடத்தில் பகல் வெளிச்சம் நேராக விழும் இடம் அது ஒன்றுதான்.

"அக்கா, நீங்க எழுந்திருக்கவே வேணாம்," என்றாள் அந்தப் பெண்மணியிடம். "வேல ஒங்ககிட்ட வரும். மடிச்சி ஒட்டினதும் துண்டெல்லாம் மொதல்ல இங்க வந்துடும். நீங்க ஜோடி பாத்து, ரெண்டுக்கும் ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க. அப்புறம் அது எந்தப் பக்கம் போனாலும் கடைசியில செக்கிங் அக்கா மேசையில ஒண்ணு சேந்துடும். கத்திரி மட்டும் கை மாறும்."

"யார் கைக்கு?"

அவள் ஆலங்காயத்துப் பெண் இருந்த பக்கம் பார்த்தாள். காட்டன் கையுறை போட்டுக்கொண்டு கத்திரி பிடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவைத்திருந்தாள்.

"அவளா? அவ நல்லா பேசுவாளா?"

"ஜாஸ்தியே பேசுவாங்க."

"அப்ப வரச்சொல்லு."

மனிதர்களை இடம் மாற்றுவதே நிர்வாகம் என்று பலர் கருதுகிறார்கள். வேலையை இடம் மாற்றலாம் என்பது அவளுக்குத் தோன்றியது. அந்த மூத்த பெண்மணி விட்டுக்கொடுக்க மறுத்த சன்னலும், தோலின் நிறம் பார்க்கத் தேவைப்பட்ட வெளிச்சமும் ஒன்றுதான் என்று கண்டுகொள்ள, முதலில் அந்த மறுப்பைத் தொந்தரவாக எண்ணாதிருக்க வேண்டும். தன் தவறைச் சொன்னவள் அங்கேயே நின்று வருந்தவில்லை. அது திறந்துவிட்ட இடைவெளியில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது என்று பார்த்தாள். படித்து வருவதில்லை இது. சிலருக்குப் பாட்டு வருவதுபோல் இயல்பாக வருவது.

சனிக்கிழமை மதியம் மேலாளர் வந்து சன்னலருகே நின்றார். "யாரு இங்க மேச போடச் சொன்னது?"

"மேச இங்கயேதான் சார் இருந்துச்சு. வேலதான் புதுசு."

அவர் என் மேசையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துப் போனார். ஆலங்காயத்துப் பெண் தலை நிமிராமல் பிசிறு நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கத்திரிச் சத்தம் மட்டும் நடுநடுவே நின்று நின்று கேட்டது.

"திரும்பி வர்றது கம்மியாயிடுச்சின்னாங்க. இதானா?" என்று என் மேசையருகே நின்று அவளிடம் கேட்டார்.

"ஆமா சார். ஆனா இதுக்கு ஒரு ஆள் ஜாஸ்தி வேணும்."

"அத வாங்காம வுடமாட்டியே நீ," என்று சிரித்தபடி நகர்ந்தார். "இருக்கட்டும்."

மிஷின் சத்தத்தில் அந்தக் கடைசிச் சொல் சன்னல்வரை எட்டவில்லை. மாலை வாசலில், ஆலங்காயத்துப் பெண் தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, திருப்பித் தருவதற்காக இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

"மாட்டிக்கோங்கக்கா," என்றாள் அவள். "திங்கக்கெழம அது இல்லன்னா வாட்ச்மேன் உள்ள வுடமாட்டாரு."

அந்தப் பெண் கேட்டதை நம்பாதவர்போல அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் பேருந்துக்கு அவசரமாக வந்துகொண்டிருந்த மூத்த பெண்மணி அதைப் பிடுங்கி, நாடாவின் சிக்கலை எடுத்தார்.

"கல்யாணப் பொண்ணாட்டம் நிக்கிறியே. குனிடி, பஸ் போயிடப்போவுது."

அவர் குனிந்தார்.