பெரிய மாப்பிள்ளைக்கு இறால் ஆகாது

சகலைகள் இரண்டு பேர் மனம் ஒத்துப்போன வீடு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இந்த வீட்டில் அது நடக்கவில்லை. காரணம் சொத்து இல்லை, பங்கு இல்லை. வேர்க்கடலை.

பெரிய மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமனாருடைய கதவுக் கீல் தொழிற்சாலைக்கு விற்பனை முழுவதும் அவர்தான். ஒரு கைப்பெட்டிக்குள் குட்டிக் கதவு ஒன்றை நிலையோடு வைத்திருப்பார். எந்த நாட்டுக்குப் போனாலும் அதை மேஜைமேல் நிறுத்தி, ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுவார். முனகல் கூட இல்லாமல் கதவு போய் மூடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தானும் ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் விடமாட்டார். அப்போதே பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

பல வருஷம் அந்த வீட்டுக்கு அவர் ஒருவரே மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் இலை அவருக்கு. சாயங்காலம் டீயோடு, மாமியார் கையால் வறுத்த கடலை ஒரு கிண்ணம். "மாப்பிள்ளை, சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்று அத்தை சொல்லும்போது அவருக்கு அந்த வாரத்தின் அலைச்சல் எல்லாம் இறங்கிவிடும்.

பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவன் அதே தொழிற்சாலையில் கீலுக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர், அமைதியானவன், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். முதல் விருந்தில் இலையில் கை வைப்பதற்கு முன்னால் மெல்லக் கேட்டான்: "அத்தை, தப்பா நெனைக்காதீங்க, இதுல எதுலயாவது கடலை இருக்கா?" சின்ன வயதில் ஒரு பிஸ்கட்டைக் கடித்துத் தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய பாடாம். சொல்லி முடிப்பதற்குள் மாமியார் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே அந்த வீட்டைவிட்டுக் கடலை போனது. கடலை எண்ணெய் டின் போனது. பெரிய மாப்பிள்ளையின் கிண்ணமும் போனது! அதில் இப்போது பொரி. அதுமட்டுமா? ஒவ்வொரு பதார்த்தமும் வரும்போது, "சின்ன மாப்பிள்ளை, இது நானே பண்ணினது, கடலை பக்கத்துலயே போகல" என்று ஒரு அறிவிப்பு வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பாயசத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போவார்கள்.

"எனக்கு ஒரு வியாதி வந்தாக்கூட இந்த வீட்ல அதுக்கு மரியாதை கெடையாது" என்றார் மனைவியிடம்.

"வியாதிக்குப் போட்டியா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில் ஒரு பெரிய ஆர்டர் வாசலுக்கு வந்தது. வெளிநாட்டில் வரிசையாக ஓட்டல்கள் கட்டுகிற நிறுவனம், எல்லா அறைக் கதவுகளுக்கும் கீல் கேட்டது. வரைபடம் போட்டவரும் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எப்போதும் தனியாகப் போய் ஜெயித்து வருகிறவர், இந்த முறை சகலையோடு போக வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது கொழுந்தியாள் பென்சில் பெட்டி போன்ற ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே ஊசிப் பேனா, பேனா வடிவத்தில் ஒரு மருந்து ஊசி. "ஒண்ணு அவர்கிட்ட இருக்கு அத்தான். இன்னொண்ணு உங்க சட்டைப்பையில இருக்கட்டும். தொண்டை அடைக்குதுன்னு சொன்னா யோசிக்கவே கூடாது. இந்த மூடியக் கழட்டி, தொடையில அழுத்திப் பிடிக்கணும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

மாமியார் வாசல்வரை வந்தார். வந்து சொன்னது என்ன தெரியுமா? "சின்ன மாப்பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்குங்க." அவ்வளவுதான். நீங்களும் பத்திரமாகப் போய்வாருங்கள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லக் கூடாதா! ஆர்டர் பிடிக்கப் போகிறவரா, ஆயா வேலைக்குப் போகிறவரா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விமானத்தில் ஏறினால் அங்கேயும் அதே கதை. பணிப்பெண் வந்து சின்னவனிடம் குனிந்து பேசிவிட்டு, அந்தப் பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் கடலைப் பொட்டலம் கிடையாது என்று அறிவித்தாள். வீட்டில்தான் இல்லை, வானத்திலாவது கிடைக்கும் என்று நம்பியிருந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓட்டலில் இன்னும் மோசம். சின்னவன் அந்த நாட்டு மொழியில் அச்சடித்த அட்டை ஒன்றை நீட்டினான். தனக்குக் கடலை துளியும் ஆகாது, அது பட்ட கரண்டிகூட ஆகாது என்று அதில் இருந்தது. சாப்பாட்டுக்கூடத்து மேற்பார்வைப் பெண்மணி அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே ஓடினாள். தலைமைச் சமையல்காரர், உயரத் தொப்பியோடு தானே வெளியே வந்து கை கொடுத்தார். தனிச் சட்டி, தனிக் கரண்டி. தட்டு வந்தபோது அதில் குச்சியில் ஒட்டிய ஒரு மஞ்சள் காகிதக் கொடி. தனியாகச் சமைத்தது என்பதற்கு அதுதான் அடையாளமாம். பெரிய மாப்பிள்ளை வரிசையில் நின்று, கரண்டியால் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அவரை ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சமையல்காரர் சின்னவனுக்காகத் தனியாகச் சுட்ட ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார். வெண்ணெய் அதன்மேல் உருகிக்கொண்டிருந்தது. பெரியவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த நேரம் பார்த்து மேற்பார்வைப் பெண்மணி மரியாதைக்காகக் கேட்டுவைத்தாள்: "உங்களுக்கு ஏதாவது ஆகாதா சார்?"

நாக்கில் சனி உட்காருவது என்பார்களே, அது அன்றைக்கு நடந்தது.

"ஆகாது," என்றார். எதிரே மேஜைக்கு யாரோ தட்டு நிறைய எடுத்துப் போனதைப் பார்த்துவிட்டு, "இறால்" என்றார்.

இறால் என்றால் அந்த மனிதருக்கு உயிர். ஆனாலும் அன்று மதியம் தன் தட்டிலும் ஒரு மஞ்சள் கொடி நின்றதைப் பார்த்தபோது பந்தயத்தில் ஜெயித்துவிட்ட சந்தோஷம். தொப்பிக்காரர் அவரிடமும் வந்து கை கொடுத்தார். தட்டில் இருந்தது என்னவோ அவித்த காய்தான். போனால் போகிறது, கொடி இருக்கிறதே!

சின்னவன் பதறிப்போனான். "என்னண்ணே, சொல்லவே இல்ல? வீட்ல நல்லாத்தானே சாப்பிடுவீங்க?"

"இப்பத்தான் தம்பி, கொஞ்ச நாளா. வயசாக ஆக வரும்னு டாக்டர் சொன்னாரு."

அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பியது. அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு, அத்தையிடம் சொல்லிவிட்டது. அண்ணனுக்கும் அதேபோல ஓர் அட்டையை வரவேற்பு மேஜையில் கேட்டு அச்சடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. அறைக்குப் போகும்போது சின்னவன் சொன்னான்: "ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? நீங்க எதையும் கேக்காம, எடுத்தமா வாயில போட்டமான்னு சாப்பிடுவீங்க பாருங்க. அதப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா! இப்ப உங்களுக்குமா இப்படி வரணும்? பாவம்ண்ணே நீங்க."

பெரிய மாப்பிள்ளை அட்டையைச் சட்டைப்பையில், ஊசிப் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

கடைசி நாள் சாயங்காலம் அந்த நிறுவனம் ஓட்டலிலேயே விருந்து வைத்தது. குட்டிக் கதவை அவர்களுடைய முதலாளி பலமுறை தள்ளிப் பார்த்துவிட்டார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. விருந்து தொடங்குவதற்கு முன்னால், சின்னவனும் முதலாளியும் மூலையில் பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய மாப்பிள்ளை கூடத்தைச் சுற்றிவந்தார். பூண்டும் வெண்ணெயும் போட்டு வதக்கிய இறால், ஒரு பெரிய தட்டில். இத்தனை நாள் அவித்த காய் தின்ற நாக்கு. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்றை எடுத்தார். பிறகு எண்ணவில்லை.

"சார்! அது இறால்!" மேற்பார்வைப் பெண்மணி பின்னால் நின்றாள், முகமெல்லாம் வெளுத்து.

வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒருவழியாக விழுங்கிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே! "பயப்படாதீங்க. கொஞ்சம்னா ஒண்ணும் ஆகாது. எங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான், பிடிக்காததை ஆகாதுன்னு சொல்லிடுவோம்."

அவளுக்குப் போன உயிர் வந்தது. அவளும் சிரித்தாள். "நானும் பயந்தே போயிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது, தட்டு வந்தபோதுதான். அவர் தட்டில் கொடி இல்லை. சரி, போகட்டும். பக்கத்தில் சின்னவன் தட்டைப் பார்த்தார். அதிலும் கொடி இல்லை. கோழித் துண்டின்மேல் பழுப்பு நிறத்தில் கெட்டியாகச் சாஸ் ஊற்றியிருந்தது. சின்னவன் அதைக் கவனிக்கவில்லை. கீல் ஆணியின் தடிமனை முதலாளிக்குக் காகிதக் கைக்குட்டையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் ஒரு குறையும் வைக்காத சமையலறை. அவன் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

பெரியவர் பெண்மணியைத் தேடினார். அவள் தூரத்திலிருந்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, 'கொஞ்சம்தான்' என்று சைகை காட்டிச் சிரித்தாள்.

அவர் சொன்னதை அவள் சின்னவனுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டாள்! அப்போதும் பாருங்கள், மனிதருக்கு முதலில் வந்த யோசனை பூசி மெழுகுவதுதான். தண்ணீர் எடுப்பதுபோலக் கையை நீட்டி, முழங்கையால் சின்னவன் தட்டைத் தள்ளிவிட்டார். தட்டு தரையில் விழுந்து உடைந்தது. "அய்யய்யோ, மன்னிச்சுக்க தம்பி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள், பரிமாறுகிறவர் ஓடிவந்து அதே கோழி, அதே சாஸோடு இன்னொரு தட்டை வைத்துவிட்டுப் போனார்.

சின்னவன் பேச்சை நிறுத்தாமலே ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தினான். கரண்டி மேலே எழுந்தது.

"சாப்பிடாதே!" பெரிய மாப்பிள்ளை எழுந்து நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கு இறால் ஒண்ணும் செய்யாது. நான் சொன்னது பொய். இவனுக்குக் கடலை ஆகாதுங்கறது நிஜம். ஒரு வாய் போனாலும் செத்துடுவான். இந்தம்மாகிட்ட நான்தான் வேற மாதிரி சொல்லிட்டேன்."

பெண்மணி அழாத குறையாக உள்ளே ஓடினாள். தொப்பிக்காரர் வந்து தட்டை முகர்ந்து பார்த்தார். சாஸில் கடலை அரைத்து ஊற்றியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சின்னவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கரண்டியை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். பிறகு அண்ணன் முன்னால் கையை நீட்டினான்.

"அந்தப் பேனாவக் குடுங்கண்ணே."

அவர் எடுத்துக் கொடுத்தார். வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். ஆர்டர் மறுநாள் கையெழுத்தானது. குட்டிக் கதவை அன்று சின்னவன்தான் தள்ளிக் காட்டினான்.

ஊர் திரும்பிய பிறகு, நடந்ததைப் பற்றி வீட்டில் சின்னவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார் பெரிய மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றார். சின்னவனிடம் மட்டும் பேசுகிற அந்தக் குரலை இத்தனை நாளில் அவர் தனக்கென்று கேட்டதே இல்லை. "பெரிய மாப்பிள்ளை, நீங்க பயப்படாமச் சாப்பிடுங்க. சட்டியெல்லாம் புதுசு. இனிமே இந்த வீட்டுக்குள்ள இறாலே வராது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, இத்தன நாள் உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டிருந்தீங்களே!" அத்தையின் கண் கலங்கியது.

எதற்காக ஏங்கினாரோ அது இலைக்கு வந்துவிட்டது. எதிரே சின்னவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அத்தை, எனக்கு இறால் ஆகும்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "நல்லாவே ஆகும்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார், தட்டைத் தள்ளிவிட்டதுவரை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கொழுந்தியாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமியார் கரண்டியைக் குழம்பில் வைத்துவிட்டு நின்றார்.

அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்குச் சின்னவனோடு மாமனார் கிளம்பினார். வாசலில் கார் நின்றது. கொழுந்தியாள் ஊசிப் பேனாவை அப்பாவின் சட்டைப்பையில் வைத்து, எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். கிழவருக்குப் பிடிபடவில்லை. ஊசி வருகிற பக்கத்திலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டு திருகப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இல்ல மாமா," என்று பெரிய மாப்பிள்ளை ஓடிவந்தார். பேனாவை வாங்கி, மூடி எது, முனை எது, தொடையில் எந்த இடம், எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் காட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை காட்டினார். சொல்லி முடித்த பிறகும் பேனா அவர் கையிலேயே இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவனும் பார்த்தான், பிறகு காரில் ஏறி உட்கார்ந்தான்.

பெரிய மாப்பிள்ளை அதை மாமனாரின் பையில் செருகி, வெளியே விழாதபடி பொத்தானைப் போட்டுவிட்டார். கார் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சட்டைப்பையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு நின்றார்.