‘இன்னும் 19 நாள்’ என்று எழுதிய சீட்டு

“அபாண்டன் – கைவிடு. அக்கம்ப்ளிஸ் – உடந்தை. கிளாண்டஸ்டைன் – மறைவான. எலோப் – வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போதல். இன்னும் 19 நாள்.”

அப்பா காலமான பதினோராம் நாள், அவருடைய பென்ஷன் கோப்பில் கிடைத்த சீட்டு இது. கையெழுத்து என்னுடையது. பிளஸ் டூ முடித்து, கல்லூரி நுழைவுத்தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்த கோடையில் எழுதியது. எதிலும் நாளைக் குறித்து வைப்பது அன்றே என் பழக்கம்.

அப்பா சிவகிரியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தகப்பனாரை இழந்து, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்து படித்து, காவல்துறையில் சேர்ந்தார். தென்காசியில் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றார். யாரிடமும் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை. யார் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொண்டதுமில்லை. குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்தில் நிற்கும்போது, வெள்ளம் குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும், தாமே போய்ப் பார்த்த பிறகுதான் குளிக்க விடுவார்.

அந்தச் சீட்டு என் உடுப்பைத் துவைக்க எடுத்த அம்மாவின் கையில் சிக்கி, அப்பாவிடம் போயிற்று.

“பத்தொன்பதாம் நாள் என்னட்டி விசேஷம்?”

“பரீட்சைப்பா. திருநெல்வேலில.”

“உடந்தை யாரு?”

“அது வார்த்தைப்பா!”

“ஓடிப்போறதுக்குப் பரீட்சையில என்ன சோலி?”

அடுப்படியிலிருந்து அம்மா, “பெத்த பிள்ளைட்டயே ஸ்டேட்மெண்ட் வாங்குதியளாக்கும்?” என்றார்கள்.

“உள்ளது தெரியாம இவள திருநெல்வேலிக்கு அனுப்ப மாட்டேன்” என்று முடித்துவிட்டார்.

அன்று மாலையே விசாரணை தொடங்கியது. நான் சொற்களை எழுதி வைத்த சீட்டுகள் முழுவதும் அவர் கையில். தமிழைப் படித்து ஆங்கிலம் கேட்பார். காலையில் கேட்டதை மாலையில் வரிசை மாற்றிக் கேட்பார். தயங்கினால், “நெசமாப் படிச்சவ எதுக்கு முழிக்கா?” என்பார். பயிற்சி வகுப்பு ஆசிரியரை இருமுறை விசாரித்தார். என்னை அனுப்பாமலிருக்கச் சாக்குத் தேடுகிறார் என்று நானும் அவரைச் சந்தேகித்தேன். அந்தப் பயத்தில் ஒரு சொல் விடாமல் படித்தேன்.

தேர்வன்று அப்பாவும் பஸ்ஸில் கூடவே வந்தார். மற்ற பெற்றோர் முன்வாசலில் காத்திருக்க, அவர் மட்டும் பின்வாசலில் நின்றார். எனக்கு இடம் கிடைத்தது.

சென்ற ஆண்டு மூச்சுத்திணறலால் படுத்தபோதும், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த பிறகே விழுங்கினார். மருத்துவமனையில் அவருடனே இருந்த சித்தப்பாவுக்கும், கூடப் பணியாற்றிய நண்பர்களுக்கும், தெருவாருக்கும், இருமுறை விசாரிக்கப்பட்டும் அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்த ஆசிரியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சீட்டின் பின்புறம் அப்பாவின் பென்சில் எழுத்து உள்ளது: “விசாரித்தேன். பிள்ளை சொல்வது உண்மை. இன்னும் 1...” ஒன்றுக்கு அடுத்து, மடிப்பில், ஏழு போல ஒரு கீறல். அது ஏழு என்றால், இரண்டே நாளில் என்னை நம்பிவிட்டு, மீதிப் பதினேழு நாளும் கேள்வி கேட்டிருக்கிறார். வெறும் கீறல் என்றால், தேர்வுக்கு முந்தைய நாள்வரை நம்பவில்லை. அம்மா ஏழு என்கிறார்கள். சித்தப்பா மடிப்பு என்கிறார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். இன்றுவரை உறுதிப்படவில்லை.