புளியில் ஊறிய துரையின் கல்

கன்னையாவுக்குத் தலை இருந்ததே கூடை சுமக்கத்தான். சுங்கை பெசிப் பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தில், வெள்ளைக்காரத் துரை பொறுக்கும் கற்களைச் சுமப்பது அவன் வேலை. துரைக்குக் கல் பைத்தியம். பங்களாவில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுக்கக் கல். அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று துரை சொன்ன நாளிலிருந்து கன்னையாவுக்குச் சோறு இறங்கவில்லை. நிழல்! நாற்காலி! மின்விசிறி!

துரை ஏங்கியது ஒன்றுக்குத்தான்: வெள்ளீயமும் செம்பும் இரும்பும் கந்தகமும் கூடி விளைந்த ஸ்டேனைட் என்னும் சாம்பல்நிற உலோகக் கல். அதிலும் பட்டை பட்டையாக விளைந்தது லட்சத்தில் ஒன்றாம்.

"கொண்டு வா, வேலை உனக்கு. ஆனா களுவக் கூடாது!" என்றிருந்தார் துரை.

ஒரு புதன்கிழமை அது கிடைத்தேவிட்டது. சுண்ணாம்புக்கல் மூடிக் கிடந்தது; இடுக்கில் மட்டும் சாம்பல் மினுக்கல். துரையோ கிள்ளானுக்குப் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். கன்னையா கல்லைப் பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய், முருகன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டான். பெண்டாட்டி நல்லம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னானா? மகராசன், குதித்த குதியில் மறந்தே போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் விளக்கு, செம்பு, மணி, அடுத்ததாகக் கல்! எல்லாம் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. சுண்ணாம்பைக் காணோம்.

"அடிப்பாவி! என்னடி செஞ்சே?"

"நேத்தே புளித்தண்ணியில ஊறப் போட்டேன். சாமி மாடத்துல இருந்தா சாமி சாமான்தானே? அழுக்கா வுடுவாங்களா?"

கன்னையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கல்லோடு அவளையும் பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். துரை பூதக்கண்ணாடியில் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாரு செஞ்சது?"

"இவதான் தொரை! சத்தியமா நான் இல்லே!"

துரை துள்ளினார் பாருங்கள்! சுத்தியல் பட்டால் உடையும் கல்லாம் அது. புளிப்பு சுண்ணாம்பை மட்டும் தின்றுவிட்டு, ஒரு கீறலில்லாமல் பட்டைகளை வெளியே விட்டிருக்கிறதாம்.

"இந்தக் கைதான் வேணும்! வேலை இந்தம்மாவுக்கு!"

திரும்பும் ரயிலில் நல்லம்மாள் மெல்லக் கேட்டாள்: "வருத்தமாங்க?"

"வயிறு எரியுதுடி," என்றான் கன்னையா. "ஆனா சிரிப்பை அடக்க முடியலையே, நான் என்ன செய்ய!" என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.