பெட்ரோல் பங்கில் கேட்ட உலக விலை

பெட்ரோல் அடிக்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: விலையை ஏற்றுவது யாரோ, முறைப்பு வாங்குவது நாங்கள். மீட்டர் ஓடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, உங்களுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கிறது, நானும் உங்கள் கட்சிதான். கொடைக்கானலில் ஒரு பங்கில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். வில்பட்டியிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து, ஸ்வெட்டருக்கு மேல் யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஜீரோ பாத்துக்கங்க" என்று ஆரம்பித்தால், எதிரே நிற்பவர் ஜீரோவைப் பார்க்கமாட்டார். எந்த நாட்டில் இது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மேலே இருநூறு, கீழே முழுசு

மலை ஏறி வருகிற கூலியும் சேர்ந்து, எங்கள் பங்கில் லிட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம் கூடுதல். அதனால் உள்ளூர் வண்டிக்காரர்கள் யாரும் இங்கே டேங்கை நிரப்புவதில்லை. கீழே போய்ச் சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போடுவார்கள். மிச்சத்தைச் சமவெளியில் போய் ரொப்பிக்கொள்வார்கள். இதில் இன்னும் கெட்டிக்காரர்கள் சிலர் உண்டு. பெருமாள்மலை தாண்டியதும் எஞ்சினையே அணைத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டே மலை இறங்குவார்கள். அந்தக் கெட்டிக்காரர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர் பாண்டி. அதுவும் பூண்டு மூட்டை ஏற்றிய பிக்கப்பில்.

எஞ்சின் அணைந்தால் பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கீழே வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்து போன் பண்ணுகிற வரை மணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். சண்டை போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒரு நடைக்கு எவ்வளவு டீசல் மிச்சம் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இந்த நேரத்தில்தான் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை இருக்கிறது, மாசக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்று திண்டுக்கல் ஏஜென்ட் ஒருவர் அவருக்குச் சொல்லியனுப்பினார். மறுநாள் பம்பில் வண்டியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஏ கொடி, அங்க தண்ணி பாட்டில விட பெட்ரோல் சல்லிசாம்ல. சம்பளத்துல வரியும் கெடையாதாம். நான் இங்கன ஒத்த ரூவாய்க்கு உருட்டிக்கிட்டுக் கெடக்கேன். சரி சரி, இருநூறுக்கு அடி."

எண்ணெய் எடுக்கிற நாட்டுக்காரர்

அன்றிலிருந்து வெளியூர் முகத்தைப் பார்த்தால் நானே விலை கேட்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரரைக் குவைத்துக்குப் போகவிடாமல் தடுக்க ஏதாவது பாயிண்ட் சிக்காதா என்றுதான். வட்டக்கானலில் தங்கியிருந்த ஒரு நார்வேக்காரர் வாடகை பைக்கில் வந்தார். கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற நாடாம். அப்படியானால் உங்கள் ஜனங்களுக்குச் சும்மாவே கொடுப்பார்களே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இங்கே விற்பதைவிட அங்கே ரொம்ப விலை என்றார். எண்ணெயை வெளியே விற்றுவிட்டு, உள்ளே பங்கில் வரியும் போட்டு வாங்குகிறார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்ததும் அவரேதான். "ஒரு லிட்டர் வாங்க நான் சில நிமிஷம் வேலை செய்தால் போதும். நீங்கள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?" என்று கேட்டார். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரெண்டு மணி நேரம் வந்தது. பக்கத்துப் பம்பில் நிற்கும் எங்கள் சீனியர் செல்லத்துரை அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கால்களையும் பார்த்தார். "அப்ப இம்புட்டு நேரம் கால் கடுக்க நின்னதுக்கு ஒத்த லிட்டர்தானாத்தா? அதையும் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என் வண்டி குடிச்சிருமே!"

லண்டன் மகன்

இன்னொரு நாள் ஒரு கார் வந்து நின்றது. சட்டென்று இறங்கிய மனுஷன் என் கையிலிருந்த நாஸிலை வாங்கி, தானே டேங்கில் சொருகிவிட்டார். ஒரு நிமிஷம் எனக்கு வேலை போய்விட்டதோ என்று பயந்தே போனேன். பூர்வீகம் பழனி, இருப்பது லண்டனாம். அங்கே அவரவர் பெட்ரோலை அவரவரே அடித்துக்கொள்ள வேண்டுமாம், அந்தப் பழக்கம். அசடு வழிந்துகொண்டே நாஸிலைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள்லாம் கொடுத்து வச்சவங்கம்மா" என்று தொடங்கி, சம்பளத்துக்கு வரி, குடியிருக்கிற வீட்டுக்கு வரி, டிவி பார்க்கக்கூடப் பணம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். சம்பளத்துக்கு வரி போடுகிற அளவுக்குச் சம்பளம் வந்தால் நான் தேங்காய் உடைப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் பின்சீட்டில் இருந்த அவர் அம்மா கண்ணாடியை இறக்கினார். "பெட்ரோலும் நீயே அடிக்கிற, பாத்திரமும் நீயே கழுவுற. அம்புட்டு வரியும் வாங்கிக்கிட்டு அவுங்க என்ன சோலிதான்ப்பா பாக்குறாங்க?"

வரிசையில் நின்றவர்

சிலோனிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வாரம் ஒருமுறை மொபெட்டுக்குப் பெட்ரோல் போட வருவார். எங்கள் விலையைப் பற்றி இதுவரை வாய் திறக்காத ஒரே வாடிக்கையாளர் அவர்தான். உங்களுக்கு மட்டும் கோபம் வராதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அங்கே பெரிய தட்டுப்பாடு வந்த சமயம் அட்டன் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாராம். மச்சான் ஆட்டோவை வரிசையில் போட்டுவிட்டு அதிலேயே படுத்துக் கிடந்தாராம். இவர் சோறு கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாராம். மூடியைத் திருகிக்கொண்டே, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார்: "பெட்ரோல் செட்டுல யாரும் வெலயக் கேக்கலீங்க. பெட்ரோல் இருக்குதான்னு மட்டுந்தாங்க கேட்டோம்."

குவைத்தில் நான்கு வருஷம்

கடைசியில் எனக்கு வேண்டிய ஆளே கிடைத்தான். பண்ணைக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வருகிற வேன்காரத் தம்பி. நான்கு வருஷம் குவைத்தில் வீட்டு டிரைவராக இருந்துவிட்டு வந்தவன். பெட்ரோல் மலிவு என்பது பொய்யில்லை என்றான். முதலாளியம்மா கடைக்குள் போனால், திரும்பி வருகிற வரை ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருப்பானாம். நான்கு வருஷத்தில் ஊருக்கு வந்தது ஒரே தடவை. அவன் போகும்போது வயிற்றில் இருந்த மகள், லீவில் வந்தவனை மாமா என்று கூப்பிட்டாளாம்.

எங்கள் மகனுக்கு ஐந்து வயசு. இதைச் சொன்னாலே என் வீட்டுக்காரர் நின்றுவிடுவார் என்று தெரியும். ஆனால் என் மனசு வேறு எங்கோ போய்விட்டது. அங்கே மலை இறக்கம் ஏதும் உண்டா என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இறக்கமா? நாலு வருசத்துல நான் ஏறி இறங்குனது மேம்பாலம் மட்டுந்தான்க்கா!"

டேங்க்

மாசக் கடைசிக்கு முந்தின நாள் எனக்கு வார லீவு. முற்றத்தில் உட்கார்ந்து ரெண்டு பேரும் பூண்டைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். "குவைத்துக்குப் போயிட்டு வாங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்னா பிள்ள, ஊரு உலகமெல்லாம் வெலை விசாரிச்சு, கடைசியில என் வழிக்கே வந்துட்டியா?" என்றார்.

"வெலைக்காகச் சொல்லலங்க. அங்க இறக்கமே கெடையாதாம். எங்கிட்டாவது உசுரோட இருந்தாப் போதும்" என்றேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. வாழைத்தார் தம்பியின் மகள் கதையையும் சொல்லி முடித்தேன். அவர் ஏற்கெனவே பிரித்து வைத்த பூண்டையே திரும்பவும் எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மூட்டைகளோடு பிக்கப் என் பம்பில் வந்து நின்றது. வழக்கம்போல இருநூறை அழுத்தப் போனேன். சன்னல் வழியாகக் கையை நீட்டித் தடுத்தார். "ஜீரோ பாத்துக்கங்க" என்றேன், பழக்கதோஷத்தில். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஃபுல் பண்ணு. ஏஜென்டுக்கு வரலைன்னு சொல்லிட்டேன். அடிவாரத்துல காட்ரோடு போய்ச் சேர்ற மட்டும் எஞ்சின அணைக்கச் சாவியில கை வைக்க மாட்டேன், வெரசா அடி பிள்ள!"

எத்தனையோ நாட்டு விலையைக் கேட்டுவிட்டேன், எங்கள் பங்கில் லிட்டருக்குக் கூடுதலாக வாங்குகிற அந்த ஒரு ரூபாய் சொச்சத்தைவிட மலிவாக எனக்கு எதுவும் படவில்லை.