ஓடைக்குப் பதிலாகத் தந்த நிலம்

அந்த மனுவை எழுதும் முன் அடுத்த வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவருடைய அடுக்களை இன்றும் நின்றிருக்குமா?

எங்கள் வயல்களின் தண்ணீர் வடியும் ஓடை, கோடையில் ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடியது. புதிதாக வந்த கல்யாண மண்டபம் அதன் கரையை ஒட்டி மதில் எழுப்பி, ஓடையைப் பாதியாகக் குறுக்கிவிட்டது. அடுத்த ஐப்பசி மழையில் நட்ட நாற்றெல்லாம் அழுகியது. கிராம வரைபடத்தின் நகலை வாங்கி, அதில் உள்ளபடி ஓடையை அளந்து மீட்க வேண்டுமென்று மனு எழுதினேன். கையெழுத்திட்டவர்களில் அக்காவும் ஒருவர்.

சர்வேயர் வந்தார். அளந்துகொண்டே மண்டபத்தைக் கடந்து, அக்காவின் அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"ஓடை இங்கதான் இருக்கு."

"தண்ணி அங்கல்லா ஓடுது," என்றார் அக்கா. "ஓடைக்கும் ஆதார் கார்டு எடுக்கணுமோ சாரே?"

எல்லோரும் சிரித்தோம்.

பிறகுதான் விவரம் வெளிவந்தது. முன்பொரு வெள்ளத்தில் ஓடை தூர்ந்துபோக, ஊரார் கூடி அக்காவின் அப்பாவுடைய வயலில் புது ஓடை வெட்டியிருக்கிறார்கள். பதிலுக்குப் பழைய படுகையை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வாய்ச்சொல்லே போதுமென்று எவரும் அதைப் பதியவில்லை. ஆகவே வரைபடத்தின்படி மண்டபத்தருகே ஓடையே கிடையாது. அக்காவின் அடுக்களை மட்டுமே ஆக்கிரமிப்பு.

"இத ஏன் முன்னாடியே சொல்லல மாமா?" என்று பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன்.

"நீ கேட்டியாலே? கையெழுத்துப் போடுன்னு சொன்ன, போட்டோம்."

தாலுகா அலுவலகத்துக்கு ஓடினேன். "மனுவ வாபஸ் வாங்கலாம் தம்பி. அளந்தத எப்படி வாபஸ் வாங்குறது?" என்றார் எழுத்தர்.

நோட்டீஸ் வந்த அன்று அக்கா அதை என்னிடம் நீட்டினார். "மக்கா, இதுக்கும் ஒரு மனு எழுது. நீ எழுதினா ஒடனே ஆள் வருதுல்லா."

அவர் குத்திச் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்கு மனுக்கள் எழுதினேன். யாரும் வரவில்லை. குறித்த நாளில் இடிக்கும் இயந்திரம் மட்டும் வந்தது.

மீட்கப்பட்ட படுகையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடவில்லை. ஓடை இன்றும் அவர் அப்பா கொடுத்த வயலில், மதிலை உரசிக்கொண்டுதான் போகிறது. ஐப்பசியில் எங்கள் நாற்று மூழ்குகிறது. அக்கா முன்னறையில் அடுப்பை வைத்துச் சமைக்கிறார். மனு எழுதித் தரும்படி கேட்டு இப்போது என்னிடம் யாரும் வருவதில்லை.