மஞ்சள் தடவிய வார்

எங்கள் டாக்சித் தொழிலில் திடீர் பிரேக் போட்டால் முதலில் 'ணங்' என்று ஒரு சத்தம்தான் கேட்கும். கண்ணாடியில் இடித்தது யார் தலை என்பது அப்புறம்தான் தெரியும். விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் ராத்திரி வண்டி போட்டவர்களுக்கும், அதில் ஏறி நெற்றி புடைத்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

திண்டிவனம் பட்டறை

பகலில் தூக்கம் பிடிக்காத உடம்பு எனக்கு. கண்ணை மூடினால் யாரோ இடித்துக்கொள்வது போலவே இருக்கும். எழுந்து உட்கார்ந்து, பழைய பேப்பர்க் கடையில் பொறுக்கிய வெளிநாட்டு மோட்டார்ப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒன்றில் காரில் போகிறவரைச் சீட்டோடு வாரால் கட்டிப் படம் போட்டிருந்தான். மோதினாலும் ஆள் முன்னால் பாய மாட்டானாம். அறுபதுகளின் தொடக்கம் அது. நம் பக்கத்தில் அப்படியொன்றைக் கண்டவர் கிடையாது.

மெட்ராஸில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் இடத்தில் பாராசூட் வார் வாங்கி வந்தேன். முன் சீட்டில் சவாரிக்கும் பின் சீட்டுக்கும் தரைத்தகட்டில் போல்ட் போட்டு முடுக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் வாரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏன்யா, நீ ஓட்டற ஓட்டத்துக்கு சவாரிங்க நடுவுலயே குதிச்சி ஓடிடறாங்களா?"

முகையூர்க்காரர்

முகையூர் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் கல்யாணத்துக்குப் போக முன் சீட்டில் ஏறினார். இடுப்பில் வாரைப் போடப் போனேன், கையைத் தட்டிவிட்டார். திரும்பி வந்ததும் வண்டி முதலாளியிடமே புகார். அபசகுனம் என்று சவாரி குறைகிறது, தை பிறப்பதற்குள் யாரும் கட்டிக்கொள்ளாவிட்டால் கழற்றி எறிந்துவிடு என்று முதலாளி கெடு வைத்துவிட்டார். முகையூர்க்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஊரில் மனுஷனை எந்தப் பயணத்துக்குக் கட்டுவார்கள் என்று எனக்கும்தான் தெரியும். அவர் சொன்னது இதுதான்:

"உயிரோட இருக்கச்சே ஏன்யா என்னைக் கட்டற? அதுக்குன்னு ஒரு நாள் வரும், அன்னிக்கி நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

மடியில் பூசணி

திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் என் வாடிக்கை. அவர், சம்சாரம், ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த சின்னப் பெண். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். வாரைக் காட்டினால் சிரிப்பார். நிலக்கடலை மூட்டை தூக்கின கை, இதைவிடவா உன் வார் கெட்டி என்பார்.

ஒருநாள் அனந்தபுரம் சந்தையிலிருந்து திரும்பினோம். பாப்பா பின்னால் அம்மாவின் காலடியில் ஜமுக்காளத்தில் தூங்கிவிட்டாள். அவர் மடியில் அன்றைக்கு ஒரு பெரிய பூசணி. வழியில் கேப்பைக் கதிரை ரோட்டில் பரப்பி, வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். கதிரைத் தள்ளிவிட ஒரு கிழவர் குறுக்கே வந்தார். பிரேக்கை அழுத்தினேன். வேகம் கொஞ்சம்தான், மண்டிக்காரர் காலை ஊன்றித் தப்பித்தார். இரண்டு கையாலும் அணைத்திருந்த பூசணி மட்டும் பறந்து முன்பலகையில் மோதிச் சிதறியது. திருஷ்டி கழிந்தது என்று பின்னாலிருந்து அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவர் சிதறின துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். தினம் எடை போடுகிறவர் ஆயிற்றே. வெகுதூரம் போனபிறகு சொன்னார்:

"அது நாலு வீசைதான் டிரைவரே. பாப்பா ரெண்டு மடங்கு இருப்பா."

அந்த அம்மாவின் யோசனை

அடுத்த சவாரிக்கு ஒரு சின்னப் பிரம்பு நாற்காலியைப் பின் சீட்டோடு இறுக்கி, அதற்கும் வார் தைத்துக் கொண்டுபோனேன். மண்டிக்காரர் சம்மதித்துவிட்டார். அம்மாதான் வண்டியில் ஏறவில்லை. பச்சைப் பிள்ளையைக் கட்டுவதா என்று வாசலிலேயே நின்றார். மார்கழி பாதி போய்விட்டது. பத்திரிகையில் இதற்குப் பதில் போடவில்லை.

சட்டென்று அந்த அம்மா உள்ளே போனார். குழைத்த மஞ்சளோடு வந்து வார் முழுக்கத் தடவி, கொக்கியில் குங்குமம் வைத்தார். பாப்பாவைக் கட்டி, தானும் கட்டிக்கொண்டார்.

"இப்ப இது காப்புங்கண்ணே. காப்பு கட்டிக்க யாருண்ணே மாட்டேம்பாங்க?"

புளியமரம்

அதே மார்கழியில் அதே குடும்பத்தோடு விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி போய்க்கொண்டிருந்தேன். கண்டமங்கலம் தாண்டி, முன்னால் போன கரும்பு வண்டியின் சக்கரம் கழன்று ரோட்டை அடைத்தது. வண்டியை ஒடித்தேன், புளியமரத்தில் மோதியது. எனக்கு வார் போட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை, ஸ்டீரிங்கில் இடித்து உதடு கிழிந்தது. பக்கத்தில் மண்டிக்காரர் வாரில் தொங்கியபடி மூச்சு வாங்கினார். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. அப்போது பாப்பாவின் குரல் வந்தது.

"மாமா, இன்னொரு தபா பண்ணு."

தாய்க்கும் பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை என்று திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊர் கடைத்தெருவிலும் மண்டிக்காரர் சொல்லி முடித்தபோது தை பிறந்துவிட்டது. பிள்ளைக்காரர்கள் மஞ்சள் வார் வண்டியைத் தேடி வந்தார்கள், முதலாளியும் கெடுவை மறந்துபோனார். உயிர் பிழைக்கலாம் என்றபோது மசியாத ஜனங்கள் மஞ்சளுக்கு மசிந்தார்களே என்று நினைத்துக்கொண்டே, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.