வெர்லினின் கண்ணளவு

வெர்லின் ஹவ்கன் பார்த்துச் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்பது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த சங்கதி. வேலி போடுகிறவர்கள் வழியில் போகிற அவரை நிறுத்தி, அந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் எத்தனை கெஜம் இருக்கும் என்று கேட்பார்கள். தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். சந்தேகப்பட்டு நாடா பிடித்தால் நாடாதான் தலைகுனியும். மொன்டானாவின் மலைச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவது அவர் பிழைப்பு. சாலை எது, ஓடை எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது, பாலத்துக் கைப்பிடியில் உரசாமல் வண்டியைக் கொண்டுபோகிறவருக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருந்தால் அதில் தப்பு சொல்ல நமக்கு வாயில்லை.

செப்டம்பரில் வில், அக்டோபர் கடைசியில் துப்பாக்கி என்பதுதான் அவருடைய வருஷம். ஒரு எல்க் மான் வீட்டுக்கு வந்துவிட்டால் அவரும் மனைவி ஆர்டிஸும் அடுத்த கோடை வரை கறிக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம். ஆனால் வில் என்பது தூரத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை. அம்பு வளைந்து இறங்கும். பத்து கெஜம் தப்பாகக் கணக்குப் போட்டால் நெஞ்சுக்குக் குறி வைத்தது அடிவயிற்றில் போய்ச் சொருகும். அதற்காகத்தான் எல்லோரும் லேசர் தூரமானியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். கண்ணில் வைத்து பொத்தானை அழுத்தினால் எத்தனை கெஜம் என்று உள்ளேயே எழுத்தில் காட்டும். வெர்லின் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "பொண்டாட்டி எவ்வளவு தூரத்துல நிக்கறாங்கறதையும் அதுல பாத்துதான் தெரிஞ்சுக்குவீங்களா?" என்பார்.

போன செப்டம்பரில் அந்தச் சிரிப்பு அடங்கியது. முப்பது கெஜம் என்று நினைத்து விட்ட அம்பு தாழ்ந்து போய் ஒரு பெரிய ஆண் எல்க்கின் வயிற்றில் பட்டது. அவரும் ஆர்டிஸின் அண்ணன் டோயலும் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே காட்டைக் குடைந்தார்கள். மறுநாளும் தேடினார்கள். ஓடைக்கரையோடு ரத்தம் நின்றுவிட்டது, மான் கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு புதருக்குள் அது நாள்கணக்கில் துடித்துச் செத்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் கூடாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் பார்த்துவிட்டால், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது உன் மான், வருஷத்துக்கு ஒரு மான் என்று கொடுக்கிற உன் வேட்டைச் சீட்டு தீர்ந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெர்லின் கத்தியை எடுத்துத் தன் சீட்டைத் தானே வெட்டினார். அந்த வருஷம் துப்பாக்கி சுவரை விட்டு இறங்கவே இல்லை.

குளிர்காலத்தில் கண் டாக்டர் காரணத்தைச் சொன்னாள். இடது கண்ணின் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்தது. வலது கண் நன்றாக இருந்ததால் அது குறையை மூடி மறைத்து வந்திருக்கிறது. ஒரு கண்ணால் பார்க்கலாம், தூரம் அளக்க இரண்டும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்றாள். அந்த வாரமே பனி வண்டியின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்டவர்களிடம் முட்டிவலி என்று ஒரு பொய். உண்மை ஆர்டிஸுக்கு மட்டும்தான் தெரியும்.

மனதுக்குள் அவர் ஒரு முடிவு வைத்திருந்தார். இன்னொரு மான் தன் அம்போடு புதருக்குள் போய்ச் செத்தால் அதோடு வில்லையும் துப்பாக்கியையும் தொடுவதில்லை. ஐம்பது வருஷமாக மலைக்குப் போகிற மனுஷருக்கு அது சின்ன விஷயமா? வசந்தம் முழுக்க வில்லை எடுப்பார், துடைப்பார், திரும்ப மாட்டுவார். ஆர்டிஸுக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு அதை வித்துத் தொலை, இல்லேன்னா அளக்கறதுக்கு ஒண்ணு வாங்கு. இப்படி ரெண்டுங்கெட்டானா உக்காந்திருக்காதே வெர்லின், பாக்க சகிக்கல."

வேட்டைச் சாமான் கடை ட்ரூடியுடையது. அவள் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். தூரமானி வேண்டும் என்றதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்கா? உன் கண்ணுக்கு என்னடா வந்துச்சு?"

"வயசாகுதுல்ல."

"எனக்கும்தான் ஆகுது, நான் என்ன கடையையா மூடிட்டேன்?" என்று சிரித்துக்கொண்டே மூன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். முதலாவது வில்லுக்கு மட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும், கிட்டத்தில் எது நிற்கிறதோ அதைச் சொல்லும். இரண்டாவது துப்பாக்கிக்கு, எதிர்மலை வரைக்கும் பாயும். முன்னால் ஆடுகிற புல்லையும் கிளையையும் சட்டை செய்யாமல், இருப்பதில் தூரமானது எதுவோ அதைக் காட்டும். மூன்றாவதில் இரண்டும் உண்டு, ஒரு பொத்தானில் மாறிக்கொள்ளும். சரிவில் நின்று கீழே பார்த்தால் எத்தனை கெஜத்துக்கு எய்ய வேண்டுமோ அந்தக் கணக்கை மூன்றுமே போட்டுத் தரும்.

அவர் மூன்றையும் பின்வாசலுக்கு எடுத்துப்போய், நிழல் விழுந்த ஃபிர் மரங்களை நோக்கி வைத்துப் பார்த்தார். முதல் இரண்டிலும் எழுத்து கறுப்பு, இருட்டு மரத்தின் மேல் அது காணாமல் போயிற்று. மூன்றாவதில் சிவப்பு எழுத்து அடுப்புக் கங்கு மாதிரி நின்றது. மான் வருவது விடியலிலும் அந்தியிலும்தான். எழுத்தே தெரியாத கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"வில்லுக்கு மட்டும்னா சின்னதே போதும்டா. அதுல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல, மறக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள் ட்ரூடி.

"இதான் கண்ணுக்குத் தெரியுது. துப்பாக்கிக்கு வேற தனியா ஒண்ணு வாங்கி ரெண்டையும் கழுத்துல தொங்கவிட நான் என்ன மாடா?"

சிவப்பு எழுத்துக்காக மூன்றாவதை வாங்கினார். கண் கெட்ட கதையை ட்ரூடியிடம் சொல்லியிருந்தால் அவள் வேறு யோசனை சொல்லியிருப்பாளோ என்னவோ. சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் வந்தது. டோயலும் அவரும் வழக்கமான மேட்டில் கூடாரம் போட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் சாசேஜ் பொரிந்துகொண்டிருக்க, துப்பாக்கிக் காலத்துக்கு எந்தப் பாறையில் உட்காரலாம் என்று எதிர்ச்சரிவைத் தூரமானியால் அளந்து விளையாடினார்கள். முன்பெல்லாம் கருவியைக் கேலி செய்தவர் இப்போது மாட்டிக்கொண்டு திரிகிறாரே என்று டோயல் வாரு வாரென்று வாரினார். வெர்லின் சாசேஜைத் திருப்பிப் போட்டார்.

விடியலில் வெர்லின் ஒரு புல்வெளி ஓரத்தில் மரத்தோடு ஒட்டி நின்றார். டோயல் பின்னால் பதுங்கி, பெண் எல்க் போலக் குரல் கொடுத்தார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆண் எல்க் வெளியே வந்து, ஒரு மேட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் நின்றது. அதன் மூச்சு புகைந்தது. இதைவிட நல்ல நிலையில் எந்த மானும் யாருக்கும் நிற்காது.

முப்பது என்றது வெர்லினின் கண். அவர் தூரமானியை எடுத்தார். அறுபத்தொன்று என்றது சிவப்பு எழுத்து. நாற்பதுக்கு மேல் எய்வதில்லை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அறுபத்தொன்று. மான் குனிந்து புல் மேய்ந்தது, நிமிர்ந்தது, காதைத் திருப்பியது. கிட்டத்தில் நிற்கிறது, எய் எய் என்று உடம்பு முழுக்கச் சொல்லிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு வில்லை இழுக்காமல் நின்றார். கடைசியில் காற்று திரும்பியது. மான் ஒரே பாய்ச்சலில் போய்விட்டது.

டோயல் புதரை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன மாப்ளே, மான் நிக்க நிக்க கல்யாண வீட்டுல பந்திக்கு நிக்கறவன் மாதிரி நின்னுட்டிருந்தே? எய்ய வேண்டியதுதானே!"

"அறுபத்தொண்ணு காட்டுச்சு மச்சான்."

"அறுபத்தொண்ணா? குடு அதை." வாங்கி, மான் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு கருவியைத் திருப்பிப் பொத்தானைப் பார்த்தார். "அட கடவுளே. நேத்து சாயங்காலம் துப்பாக்கிக்கு மாத்துனதை நாம திருப்பவே இல்ல. மானை விட்டுட்டுப் பின்னால இருக்கற மேட்டை அளந்திருக்கு." பொத்தானை மாற்றி அழுத்தினார். "முப்பத்தொண்ணு! மாப்ளே, உன் கண்ணு என்ன சொல்லுச்சு?"

"முப்பது."

"பாத்தியா! உன் கண்ணை மிஞ்ச ஆளு கிடையாதுன்னு நான் அன்னைலேர்ந்து சொல்றேன். இந்தச் சனியனைத் தூக்கி ஓடையில எறி."

"போன வருஷமும் முப்பதுன்னுதான் சொல்லுச்சு."

டோயலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கோடை பூரா ஆர்டிஸ் வைக்கோல் மூட்டையைத் தூக்கிட்டுப்போய் வெவ்வேற இடத்துல வச்சா" என்றார் வெர்லின். "இருபதுல வச்சாலும் முப்பதுங்கறேன், அம்பதுல வச்சாலும் முப்பதுங்கறேன். எனக்குத் தெரியல மச்சான். இடது கண்ணு போயிடுச்சு. இன்னைக்கு மான் தானா வந்து முப்பதுல நின்னுச்சு, அவ்வளவுதான்."

"முட்டின்னு சொன்னே."

"வேற என்ன சொல்ல?"

டோயல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். புல்வெளியைக் கடந்து மான் நின்ற இடத்துக்குப் போய், பழக்கதோஷத்தில் குனிந்து, அம்பு விட்ட பிறகு பார்ப்பது போலவே இலை இலையாக நிலத்தைத் தேடினார். குளம்புத் தடம் இருந்தது, மேய்ந்த புல் இருந்தது.

"ஒரு சொட்டு இல்ல மாப்ளே" என்று அங்கிருந்தே கத்தினார். "சுத்தமா போயிருக்கு."

வெர்லின் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். தன் கண்ணை இனி ஒருநாளும் நம்ப முடியாது என்ற துக்கமும், அந்த மான் எங்கோ முழு உடம்போடு நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியும் ஒன்றாக வந்தன. அழுவதற்கு மட்டும் இரண்டு கண்ணும் சேர்ந்தே உழைத்தன.